அண்ணன் வீட்டுக்கு ரிசீவர்: கோவை வாசகருக்குப் பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவில் நெடுங்காலம் வாழ்ந்த என் அண்ணன் 2022-இல் காலமானார். அண்ணி அவருக்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை, உயிலும் இல்லை, எங்கள் பெற்றோரும் இல்லை. அங்கே சென்ட்ரல் வேலிப் பகுதியில் அவருக்கு ஒரு தனி வீடு இருக்கிறது. அதன் மேல் வங்கிக் கடன் சுமார் 90,000 டாலர் பாக்கி. பூட்டிக் கிடந்த வீட்டின் பின்கதவை உடைத்து யாரோ குடியேறியிருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் கேரேஜில் தீப்பிடித்தது. நகராட்சி பலமுறை நோட்டீஸ் ஒட்டியதாகத் தெரிகிறது. இப்போது வீட்டுக்கு ரிசீவர், அதாவது சொத்தைப் பொறுப்பேற்று நிர்வகிக்க நீதிமன்றம் அமர்த்தும் ஒருவர், நியமிக்கக் கோரி நகராட்சி நீதிமன்றத்தில் மனுச் செய்திருக்கிறது. விசாரணை அடுத்த மாதம். பொள்ளாச்சியில் எங்கள் தென்னந்தோப்புப் பாகப்பிரிவினை வழக்கில் ரிசீவர் போட்டபோது, அவர் குத்தகைப் பணத்தை வசூலித்துக் கோர்ட்டில் கட்டியதோடு சரி. அமெரிக்காவிலோ ரிசீவர் வீட்டை இடிக்கலாம், ஏலம் போடலாம் என்கிறான் டல்லாஸில் இருக்கும், எங்கள் மறைந்த அக்காவின் மகன். அரசாங்கம் வீட்டைப் பறிக்கப் பார்க்கிறதா? அவனுக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்தால் தடுத்துவிடலாமா? செலவெல்லாம் யார் தலையில் விழும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதில், இல்லை என்பதுதான். ரிசீவர் நியமனத்தால் வீட்டின் உரிமை நகராட்சிக்கோ மாநில அரசுக்கோ போய்விடாது. உரிமை உங்கள் அண்ணனின் வாரிசுகளிடமே இருக்கும். ஆனால் உங்கள் அச்சம் ஆதாரமில்லாதது என்றும் நான் சொல்ல மாட்டேன். இத்தகைய வழக்குகளில் வீடு பறிபோவது உத்தரவால் அல்ல, வீட்டின் மேல் ஏற்றப்படும் கடனால். அந்தக் கடன் எவ்வளவு ஏறும் என்பது, ரிசீவர் நியமிக்கப்படுவதற்கு முன்னுள்ள இந்தச் சில வாரங்களில், சட்டப்படி அதிகாரம் பெற்ற ஒருவர் நீதிமன்றத்தில் உங்கள் பக்கம் நிற்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது.

பொள்ளாச்சித் தோப்பு வழக்கில் நீங்கள் பார்த்த ரிசீவர், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது கட்டளைப்படி நியமிக்கப்பட்டவர். பங்காளிகளுக்குள் வழக்கு முடியும் வரை சொத்தும் மகசூலும் வீணாகாமல் காப்பதே அவர் வேலை. கலிஃபோர்னியாவிலும் அத்தகைய ரிசீவர்கள் உண்டு. அவர்களுக்கு வேறு சட்டப்பிரிவு இருக்கிறது. உங்கள் வழக்கில் கேட்கப்படுபவர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். அம்மாநிலத்தின் சுகாதாரம் மற்றும் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 17980.7 என்னும் பிரிவு, குடியிருப்பவர்களின் அல்லது அக்கம்பக்கத்தாரின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் கணிசமான ஆபத்தாகிவிட்ட ஒரு கட்டடத்தைச் சீர்செய்வதற்கென்றே ரிசீவரை நியமிக்க வழி செய்கிறது. உள்ளதை உள்ளபடி காப்பது அவருக்குப் போதாது; ஓட்டைக் கூரையை மாற்ற வேண்டும், எரிந்த கேரேஜை எடுத்துக் கட்ட வேண்டும், திருட்டு மின் இணைப்பை அகற்ற வேண்டும், கடைசியில் நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்துக் குறையில்லை என்று எழுதித் தர வேண்டும். அதற்காகவே அவருக்குச் சொத்தின் முழுக் கட்டுப்பாட்டையும், ஒப்பந்தக்காரரை அமர்த்தும் அதிகாரத்தையும், வாடகை வந்தால் வசூலித்துச் செலவிடும் அதிகாரத்தையும், கடன் வாங்கும் அதிகாரத்தையும் சட்டம் தருகிறது. இந்தக் கடைசி அதிகாரத்தைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

இந்த மனு எடுத்த எடுப்பில் வருவதில்லை. முதலில் 17980.6-ஆம் பிரிவின்கீழ், இன்னின்ன குறைகளை இத்தனை நாளுக்குள் சரிசெய்க என்ற உத்தரவு கட்டடத்தில் ஒட்டப்படுகிறது. அது நிறைவேறாவிட்டால் நகராட்சி ரிசீவர் கேட்டு மனுச் செய்யலாம்; ஆள் குடியிருக்கும் கட்டடமானால் வாடகைதாரரோ வாடகைதாரர் சங்கமோ கூடக் கேட்கலாம். மனுவைத் தாக்கல் செய்வதற்குக் குறைந்தது 3 நாள் முன்பாக, மனு பற்றிய அறிவிப்பைக் கட்டடத்தில் பளிச்சென்று தெரியும் இடத்தில் ஒட்டுவதோடு, பதிவு அலுவலக ஆவணங்களின்படி சொத்தில் உரிமையோ அடமானமோ வில்லங்கமோ உள்ள அனைவருக்கும் தபாலிலும் அனுப்ப வேண்டும். ஆவணத்தில் இருப்பது உங்கள் அண்ணன் பெயரும் வங்கியின் பெயரும்தான். உங்கள் பெயர் இல்லை. ஆகவே மூன்று ஆண்டுகளாக நகராட்சி எழுதிய கடிதங்கள் எல்லாம் காலமான ஒருவரின் பெயருக்கு, ஆளில்லாத வீட்டின் தபால் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

இது உங்களுக்குச் சாதகமான செய்தி என்றே சொல்லலாம். ரிசீவரை நியமிக்குமுன், குறைகளைச் சரிசெய்து கொள்ள உரிமையாளருக்கு நியாயமான வாய்ப்புக் கிடைத்ததா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் எனச் சட்டமே சொல்கிறது. வாரிசுகள் வெளிநாட்டில் இருந்தார்கள், அவர்களுக்கு இந்த நோட்டீஸ் எதுவும் எட்டவில்லை, எட்டியவுடன் வந்து நிற்கிறார்கள் என்பது மரியாதையான வாதம். ஆனால் அந்த வாதம் கையில் பணமும் திட்டமும் வைத்துக்கொண்டு சொல்லும்போதுதான் எடுபடும். வெறுமனே அவகாசம் கேட்டால், கேரேஜ் எரிந்த இரவில் தீயணைப்பு வண்டி வந்த படத்தை நகராட்சி வழக்கறிஞர் எடுத்து நீட்டுவார். இந்தியாவுக்குத் தபாலில் அனுப்பிய நீதிமன்ற ஆவணம் சர்வதேச உடன்படிக்கையின்படி செல்லாது என்று உள்ளூரில் யாராவது உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். நீதிமன்ற ஆவணங்களை நேரடித் தபாலில் அனுப்புவதற்கு அந்த உடன்படிக்கையின்கீழ் இந்தியா ஆட்சேபம் தெரிவித்திருப்பது உண்மைதான். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். வழக்கு சில வாரம் தள்ளிப்போகலாமே ஒழிய, அந்த வாரங்களிலும் வீடு சிதைந்துகொண்டுதான் இருக்கும், நகராட்சியின் செலவுக் கணக்கும் கூடிக்கொண்டுதான் இருக்கும்.

ரிசீவர் நகராட்சியின் ஆளா என்ற ஐயம் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் வரிகளுக்கிடையே தெரிகிறது. கலிஃபோர்னியா நீதிமன்ற விதி 3.1179 இதைத் தெளிவாகவே பேசுகிறது: ரிசீவர் நீதிமன்றத்தின் முகவர், எந்தத் தரப்பின் முகவரும் அல்லர், சொத்தில் அக்கறையுள்ள எல்லோருடைய நன்மைக்காகவும் செயல்பட வேண்டியவர். அவரை முன்மொழியும் தரப்பு, இன்ன வழக்கறிஞரை அமர்த்து, இன்னாருக்கு வேலை கொடு என்பது போல நியமனத்துக்கு முன்பே அவருடன் எந்த ஏற்பாடும் செய்துகொள்ளக் கூடாது. பொறுப்பேற்குமுன் அவர் பிரமாணம் எடுத்து, ஜாமீன் பத்திரமும் கட்ட வேண்டும். சீரமைப்புக்கான நிதித் திட்டத்தையும் கட்டுமானத் திட்டத்தையும் வகுத்து மேற்பார்வையிடும் தகுதி தமக்கு உண்டென்று நீதிபதிக்குக் காட்டியவரை மட்டுமே நியமிக்கலாம்.

விதி இப்படி. நடைமுறையில், மனுச் செய்யும் நகராட்சியே ஒரு பெயரையும் கொடுக்கும். எதிரில் யாரும் வராவிட்டால் நீதிபதி அதையே ஏற்பார். இந்த வேலையில் அனுபவமுள்ளவர்கள் சிலரே என்பதால், அதே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதும் உண்டு. இதில் சூழ்ச்சி இருக்க வேண்டியதில்லை, ஆனால் சலுகையான கட்டணத்துக்கு அவர்கள் மெனக்கெட வேண்டிய நெருக்கடியும் இல்லை. நீங்களும் ஒரு பெயரை முன்மொழியலாம். மணிக்கு எவ்வளவு கட்டணம், முந்தைய வீடுகளில் மொத்தச் செலவு எவ்வளவு வந்தது, எத்தனை மாதம் ஆனது என்று இருவரையும் பற்றி நீதிமன்றத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2023-இல், ஏழைகளுக்கான வீட்டு வசதி அமைப்பொன்று நொடித்தபோது அதன் கட்டடங்கள் மொத்தமும் ரிசீவர் கைக்குப் போயின. முதலில் நியமிக்கப்பட்டவர் சில மாதங்களிலேயே மாற்றப்பட்டு வேறொருவர் வந்தார். நீதிமன்றம் நியமித்தவரையே நீதிமன்றம் மாற்றும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்; மாற்றச் சொல்லி யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நியமனமான முதல் வாரத்தில் நடப்பதை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பூட்டுகள் மாற்றப்படும். உடைந்த சன்னல்களுக்கும் பின்கதவுக்கும் பிளைவுட் பலகை அறையப்படும். எரிவாயு நிறுத்தப்படும். வெற்று வீட்டுக்கென்று தனியாக உள்ள, சாதாரண வீட்டுக் காப்பீட்டைவிட விலை கூடிய ஒரு பாலிசி எடுக்கப்படும். ஆளில்லாத வீட்டுக்கு உங்கள் அண்ணனின் பழைய பாலிசி உயிரோடு இருந்தாலும் பல இழப்புகளுக்கு அது ஈடு தராது. இடுப்பளவு காய்ந்து நிற்கும் புல் வெட்டப்படும். கோடையில் சென்ட்ரல் வேலியில் அது வெறும் அலங்கோலம் அன்று, தீக்குச்சி. பின்புறம் நீச்சல் குளம் இருந்தால், பச்சைப் பாசி படர்ந்து கொசு மொய்க்கும் அந்தத் தண்ணீர் இறைக்கப்படும். அறை அறையாகப் படம் எடுத்து, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீடு வாங்கி, இன்ன வேலைக்கு இவ்வளவு என்று நீதிமன்றத்துக்கு ஒரு திட்டம் போகும். உள்ளே இருப்பவர்களில் யாராவது உங்கள் அண்ணன் காலத்திலேயே வாடகைக்கு வந்தவர் என்று நிறுவினால், அவர் வேறிடம் போய்க் குடியிருப்பதற்கான உதவித் தொகையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அண்ணனின் புத்தகங்கள், படங்கள், அண்ணியின் நகைகள் உள்ளே இருக்குமானால், குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர் வருவதற்கு முன்பே அவற்றைப் பற்றிப் பட்டியலுடன் எழுதிக் கொடுங்கள். குவிந்து கிடக்கும் பொருளில் எது குப்பை, எது குடும்பச் சொத்து என்று ரிசீவருக்குத் தெரியாது.

இனிப் பணம். நகராட்சி இந்தச் செலவைத் தன் கையிலிருந்து போடுவதில்லை, ரிசீவரும் போடுவதில்லை. நீதிமன்ற அனுமதியுடன் அவர் வெளியில் கடன் வாங்கி, கடன் கொடுத்தவருக்கு ரிசீவர் சான்றிதழ் என்ற ஆவணத்தைத் தருகிறார். அது கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவு அலுவலகத்தில் பதிவாகி வீட்டின் மேல் வில்லங்கமாக ஏறுகிறது. ஏற்கெனவே உள்ள வங்கி அடமானத்துக்கும் முன்னதாக அதை நிறுத்த நீதிமன்றத்தால் முடியும். சொனோமா கவுன்ட்டி ஒரு வங்கிக்கு எதிராக நடத்திய வழக்கில் 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றதோடு, கவுன்ட்டியின் அமலாக்கச் செலவையும் அந்த முதல் வரிசையில் சேர்த்துக்கொள்ள இடம் கொடுத்தது. வட்டியோ வங்கியின் வீட்டுக் கடன் வட்டியைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும், ஏனென்றால் எரிந்த கேரேஜும் வழக்கும் உள்ள வீட்டுக்குக் கடன் கொடுக்க முன்வருபவர்கள் சிலரே. இவற்றோடு ரிசீவரின் மணிக்கணக்குக் கட்டணம், அவருடைய வழக்கறிஞரின் கட்டணம், நகராட்சியின் ஆய்வுச் செலவு, நகராட்சி வழக்கறிஞரின் கட்டணம் ஆகிய எல்லாம் வீட்டின் மேல்தான் விழும்.

ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கற்பனை, ஆனால் அவற்றின் விகிதம் நடக்கக்கூடியது. வீடு இன்றுள்ள நிலையில் 2,60,000 டாலருக்கு விலைபோகும், சீர்செய்தால் 3,80,000 போகும் என்று கொள்வோம். வாரிசுகள் இப்போதே விற்று, வங்கிக்கு 90,000-மும் நகராட்சிக்கு இதுவரையிலான செலவு 15,000-மும் கொடுத்தால், தரகையும் வரியையும் கணக்கில் சேர்க்காமல் 1,55,000 மிஞ்சுகிறது. ரிசீவர் வழியாகப் போனால், சீரமைப்புக்கு 1,10,000, ரிசீவருக்கும் அவர் வழக்கறிஞருக்கும் 60,000, நகராட்சிக்கு 35,000, வட்டி 15,000, வங்கிக்கு 90,000 என்று 3,10,000 கழிந்து, 70,000 மிஞ்சுகிறது. வீடு அழகாகிவிட்டது, தெருவுக்கு நன்மைதான், அக்கம்பக்கத்தார் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் அந்த நன்மைக்கான விலையில் பெரும்பகுதியை உங்கள் குடும்பம் கொடுத்திருக்கும். வேலை முடிந்தபின் ரிசீவரின் கடனை அடைக்க வாரிசுகளிடம் பணம் இல்லையென்றால், வீட்டை விற்று அடைக்க அவர் நீதிமன்றத்தின் அனுமதி கேட்பார். பறிபோவது என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

இடிப்பது பற்றி உங்கள் அக்கா மகன் சொன்னதும் வெறும் பேச்சு அல்ல. சான்டா மோனிகா நகரம், கன்சாலஸ் என்னும் உரிமையாளர் மேல் தொடுத்த வழக்கில், கட்டடத்தை இடிக்க ரிசீவருக்கு அதிகாரம் தந்தது சரியே என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமையாளருக்கு நோட்டீஸ் மேல் நோட்டீஸாகப் பல வாய்ப்புகள் தரப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் எரிந்தது கேரேஜ் மட்டும் என்றால், அதை மட்டும் இடித்துவிட்டு வீட்டைக் காப்பாற்றுவதே செலவிலும் சிக்கனம். அப்படி ஒரு திட்டத்தை நீங்களே முன்வைத்தால், முழுதும் இடிக்க வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கப் போவதில்லை. நேரடி ஏலம் என்பது அவர் வேறு ஊர்ச் செய்தியைக் கேட்டுச் சொன்னதாக இருக்கலாம். பால்டிமோரில் ஆளில்லாத வீடுகளுக்கு ரிசீவரை நியமிக்கும் முறையில், சீர்செய்யும் வசதி தமக்கு உண்டென்று முன்கூட்டியே காட்டியவர்களுக்கு மட்டும் வீட்டை ஏலம் விடுவது வழக்கம். பென்சில்வேனியாவில் 2008-இன் 135-ஆம் சட்டம் இன்னொரு வகையான காப்பாளரை நியமிக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்பதால், டல்லாஸ் நண்பர்கள் சொல்வதைக் கலிஃபோர்னியாவுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இப்போது பவர் பத்திரம். இது பயன்படாது. உங்கள் அண்ணன் உயிரோடு இருந்தபோது யாருக்காவது பவர் கொடுத்திருந்தாலும் அது அவருடனேயே முடிந்துபோயிற்று. நீங்கள் கொடுக்கும் பவர் உங்கள் சார்பில் கையெழுத்திட உதவுமே தவிர, இறந்தவரின் சொத்து சார்பில் பேசும் அதிகாரத்தைத் தராது. அந்த அதிகாரம் கவுன்ட்டியின் வாரிசுரிமை நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. உயில் இல்லாத சொத்துக்கு அமெரிக்காவில் வசிக்காதவரை நிர்வாகியாக நியமிக்க முடியாது என்பதால் நீங்கள் நேரடியாகப் பொறுப்பேற்க இயலாது. உங்கள் அக்கா மகன் அங்கே வசிப்பவர், மறைந்த தாயின் வழியில் தாமும் ஒரு வாரிசு. ஆகவே மனுச் செய்ய வேண்டியவர் அவரே. முறையான நியமனத்துக்குப் பத்திரிகை அறிவிப்பு முதலிய படிகளால் வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க நேரமில்லை என்பதால், அவசர நிலையைக் காட்டிச் சிறப்பு நிர்வாகியாக உடனே நியமிக்கும்படி கேட்க வேண்டும். ரிசீவர் மனுவின் நகலை அந்த விண்ணப்பத்தோடு இணைத்தால் அவசரத்துக்கு அதுவே நல்ல சான்று. குடும்பத்திலிருந்து யாருமே முன்வராவிட்டால் கவுன்ட்டியின் பொது நிர்வாகி அந்த இடத்துக்கு வரலாம். அவருக்கு உங்கள் வீட்டைப் பற்றித் தனி அக்கறை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் அண்ணி எந்த ஆண்டில் காலமானார்? பிள்ளையில்லாமல், உயிலில்லாமல் இறந்தவரின் வீட்டில், முன்பே இறந்த வாழ்க்கைத் துணையின் பங்கெனக் கருதத்தக்க பகுதி, அந்தத் துணை இறந்து 15 ஆண்டுகள் தாண்டாதிருந்தால், அவருடைய பிறந்த வீட்டாருக்குப் போகும் என்று கலிஃபோர்னிய வாரிசுச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. மணவாழ்க்கையில் இருவரும் சேர்ந்து சம்பாதித்து வாங்கிய வீடானால் அது பாதி வரை வரக்கூடும். ஆகவே அண்ணியின் உடன்பிறந்தவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். பின்னால் தெரிந்து அவர்கள் தனி வழக்கறிஞரோடு வந்து நிற்பதைவிட, இன்று உங்களோடு சேர்ந்து செலவில் பங்கு போடுவது எல்லோருக்கும் லாபம்.

அதிகாரம் கிடைத்தவுடன் அக்கா மகன் நீதிமன்றத்தில் வைக்க வேண்டியது வாக்குறுதி அல்ல, ஆவணங்கள். சன்னல் கதவுகள் அடைக்கப்பட்டு வீடு பத்திரமாக்கப்பட்டதற்கான படங்கள், காப்பீட்டுப் பாலிசி, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் கையெழுத்திட்ட மதிப்பீடு, எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடியும் என்ற அட்டவணை, எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தொகை ஒரு கணக்கில் தயாராக இருக்கிறது என்பதற்கான வங்கிச் சான்று. உள்ளே இருப்பவர்களை அவரே போய்க் கையைப் பிடித்து வெளியேற்றவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ கூடாது. அத்துமீறல் புகாராகக் காவல்துறைக்கா, வெளியேற்ற வழக்காக நீதிமன்றத்துக்கா என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். நீங்கள் கோவையிலிருந்து பணம் அனுப்புவதானால், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற உச்ச வரம்பு இருக்கிறது. உங்கள் வங்கி என்ன சான்று கேட்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், விசாரணைக்கு முதல் நாள் அதற்கு ஓட முடியாது.

திட்டம் உறுதியாக இருந்தால், நகராட்சி வழக்கறிஞரிடமே நேராகப் பேசி, இத்தனை நாள் அவகாசம், இடையிடையே ஆய்வு, தவறினால் மறுவாதமின்றி ரிசீவர் என்ற உடன்பாட்டை எழுதி, அதை நீதிபதியின் உத்தரவாகவே வாங்கிக்கொள்வது என் அனுபவத்தில் மிகச் சிறந்த முடிவு. நகராட்சிக்கு வேண்டியது ஆபத்து நீங்க வேண்டும் என்பதுதான்; உங்கள் வீட்டை நடத்தும் ஆசை அவர்களுக்கு இல்லை. குடும்பத்தில் அந்த அளவு பணம் புரட்ட வழியில்லை என்றால், சீர்செய்யும் ஆசையை விட்டுவிட்டு, இருக்கிற நிலையில் விற்க முயலுங்கள். வாங்குபவர் சீர்செய்யும் பொறுப்பை எழுத்தில் ஏற்றால், அதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். வங்கியையும் மறந்துவிடாதீர்கள். ரிசீவரின் கடன் தன் அடமானத்துக்கு முன்னால் போய் நிற்பதை எந்த வங்கியும் விரும்பாது. அவர்களுடைய வழக்கறிஞர் விசாரணைக்கு வந்தால், உங்கள் அவகாசக் கோரிக்கைக்கு அவர் துணையாக நிற்கவும் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரிசீவர் நியமிக்கப்பட்டால், சண்டையின் இடம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ வாடகை வாங்கவோ ரிசீவரின் வேலையில் தலையிடவோ உரிமையாளர் தரப்புக்குத் தடை உண்டு. பூட்டை உடைத்து உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தாலும் அது நீதிமன்ற அவமதிப்பில் போய் முடியலாம். உங்கள் கையில் உள்ள கருவி, உத்தரவின் வாசகமும் மாதாந்தரக் கணக்குமே. நியமன உத்தரவு எழுதப்படும்போதே, கடனுக்கு ஓர் உச்சத் தொகை குறிக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அறிவிப்புக் கொடுத்து மறுபடி அனுமதி வாங்க வேண்டும், பெரிய வேலைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீடுகள் வாங்க வேண்டும், விற்பனைக்குத் தனி மனு வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கட்டும். கேட்டதெல்லாம் கிடைக்காது, ஆனால் முதலாவது பெரும்பாலும் கிடைக்கும். ரிசீவர் மாதந்தோறும் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். அதில் ஆட்சேபம் இருந்தால் அறிவிப்புக் கிடைத்த 10 நாளுக்குள், இன்ன தேதியில் இன்ன இனத்தில் இன்ன தொகை என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். மொத்தத்தில் அதிகம் என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். கடைசிக் கணக்கு வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு அன்று கொதித்தெழுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குள் ஒவ்வொரு மாதக் கணக்குக்கும் ஆட்சேபம் சொல்வதற்கான கெடு தாண்டிப் போயிருக்கும்.

வேலை முடிந்து ரிசீவர் விடுவிக்கப்பட்ட பிறகும், 18 மாதங்கள் வரை நீதிமன்றம் கண்காணிப்பை வைத்துக்கொண்டு, வீட்டின் நிலை பற்றி உரிமையாளரிடமும் நகராட்சியிடமும் அறிக்கை கேட்கலாம். ஆகவே வீட்டை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், அங்கே அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளோ நிறுவனமோ வேண்டும். சொத்து வரியையும் விட்டுவைக்காதீர்கள்: குடியிருப்புச் சொத்தில் வரிப் பாக்கி பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்தால் கவுன்ட்டி அதை விற்கும் அதிகாரம் பெறும், நகராட்சியின் ஆபத்து நீக்கச் செலவுக்கான வில்லங்கமும் சேர்ந்திருந்தால் அது 3 ஆண்டுகளிலேயே நேரலாம். மூன்று ஆண்டுகளாக யாரும் கட்டவில்லை என்றே தோன்றுவதால், இதை முதலில் விசாரியுங்கள்.

அந்தக் கவுன்ட்டியில் வாரிசுரிமை, கட்டடச் சட்ட அமலாக்கம் இரண்டிலும் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே அமர்த்தச் சொல்லுங்கள். அண்ணன், அண்ணி, அக்கா மூவரின் இறப்புச் சான்றிதழ்கள், உங்கள் பெற்றோரின் பெயரும் மறைந்த தேதியும், உடன்பிறந்தவர்கள் அனைவரின் முகவரிகள், வீட்டுப் பத்திரத்தின் நகல், வங்கியின் கடைசிக் கடிதம், நகராட்சி நோட்டீஸில் கிடைத்தவை ஆகியவற்றை ஸ்கேன் செய்து அக்கா மகனுக்கு அனுப்பிவிடுங்கள். சான்றிதழ்கள் தமிழில் இருந்தால், மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே போகட்டும்.